பெட்டிக்கு அடியில் புங்கந்தழை

என் பெயர் பேபி. இருபத்துநாலு வயதில், எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, இந்தப் பெயரோடு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு ஞானஸ்நானம் கொடுத்து இந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தெரியாது. தில்லியிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டு "அந்தப் பெண் இருக்கிறாளா" என்று கேட்பார்கள். அது போகட்டும். நான் சொல்ல வந்தது 1991 சம்பாப் பட்டத்தைப் பற்றி, பொத்தேரியில் கங்கையம்மாளுக்கு இருந்த நாற்பது சென்ட் வயலைப் பற்றி. அந்த வயலில் என் மானமும் கொஞ்சம் போனது.

செவ்வாயும் வெள்ளியும் அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம் வந்து, அங்கே பஸ் பிடித்து பொத்தேரியில் இறங்குவேன். தோளில் ஒரு பை. கையில் இடுப்புயரத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்கு அடிப்பக்கம் கிடையாது. "மீன் தொட்டியாம்மா?" என்று கேட்காத கண்டக்டர் இல்லை. ஒருநாள் அலுத்துப்போய், "இல்லைங்க, காத்து பிடிக்கிற பெட்டி" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அது காற்றுப் பிடிக்கிற பெட்டியேதான். தண்ணீர் நிற்கும் நெல்வயலில், சேற்றுக்கு அடியில் மக்குகிற தழையும் வேரும் மீத்தேன் என்ற வாயுவை விடும். அது மேலே போய் பூமியின் சூட்டைக் கூட்டும். வெளிநாட்டில் யாரோ சிலர், நம்முடைய ஒரு வயலில்கூடக் கால் வைக்காமல், இந்தியாவின் நெல்வயல்களிலிருந்து இத்தனை கோடி டன் வருகிறது என்று கணக்குப் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். அது சரியா தவறா என்று பார்க்க, நாடு முழுவதும் பல இடங்களில் வயலில் இறங்கி அளக்கத் தொடங்கியிருந்தார்கள். சென்னைப் பக்கத்தில் எட்டு வயல்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. அதில் பொத்தேரி என் பொறுப்பு.

"கரண்ட் எடுக்க எவ்வளவு நிலக்கரி எரிக்கிறோம்ங்கிறதுக்கு வேகன் கணக்கு இருக்கு. புகை எவ்வளவுன்னு உட்கார்ந்த இடத்துல போட்டுடலாம்" என்பார் எங்கள் தலைவர் சுந்தரராமன் சார். "காத்தாடி வச்சு எடுக்கிற கரண்ட் இப்போதைக்கு ஓர் அடிக்குறிப்பு. மாடு விடுற ஏப்பமும் வயலும்தான் பாடாய்ப் படுத்துது. அதுங்களுக்கு மீட்டர் கிடையாது. நீதான் மீட்டர், பேபி."

மீட்டராக இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பொத்தேரியில் ஊசி போடும் சிரிஞ்சில் பிடித்து வந்த காற்றை ஆய்வுக்கூடத்து மெஷினில் ஏற்றும்போது, பாதியில் கரண்ட் போய்விட்டால் அன்றைய பாடு வீண். நாட்டின் கரண்டுக்கும் புகைக்கும் சேர்த்து அறிக்கை எழுதப் புறப்பட்ட எங்களை அந்தக் கரண்டே வாரம் ஒருமுறை காலை வாரியது.

கங்கையம்மாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் வீட்டுக்காரர் துரைராஜ், தன் பங்கு நிலத்தையெல்லாம் துண்டு துண்டாக மனைக்குக் கொடுத்துவிட்டு, திருச்சி போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட் கடை வைத்திருந்தார். மிச்சமிருந்தது அக்காவுக்கு அவள் அம்மா எழுதி வைத்த நாற்பது சென்ட் மட்டும். ஏரிக்குக் கீழே, மதகுக்குப் பக்கத்தில் நல்ல இடம். பக்கத்தில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி வந்ததிலிருந்து மாணவர்கள் தங்க இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தார்கள். அந்த வயலில் மண்ணைக் கொட்டி மேடாக்கி வரிசையாக ரூம் கட்ட வேண்டும் என்பது துரைராஜின் ஆசை. அதற்கு அக்காவின் கையெழுத்து வேண்டும்.

"தெனம் ஒருவாட்டி கேக்குறாரு. மாட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது" என்றாள் அக்கா. "பொடவ எடுக்கணும்னாலும் அவரைத்தான் கேக்கணும். ஊருக்குப் போவணும்னாலும் கேக்கணும். இந்த நாப்பது சென்ட்டுல இன்னா போடறதுன்னு மட்டும் நான் யாரையும் கேக்க வேணாம். அத்த வுட்டுட சொல்றியா?"

காற்று அதிகமாக வருகிற வயலை ஆபீஸ் சீக்கிரம் விடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். காற்றுப் பிடிக்க வந்தவளுக்கு இதில் என்ன வேலை?

வயலில் இரண்டு இடத்தில் சதுரமாக அலுமினியச் சட்டம் புதைத்திருந்தோம். அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் பயிரோடு சேர்த்துக் காற்று அடைபடும். ஒரு சட்டம் வரப்போரம். இன்னொன்று நடு வயலில். வரப்போரத்தில் வாரம் இரண்டு தடவை அளப்பேன். நடு வயலில் மாதத்துக்கு ஒரு தடவைதான். சேறு முழங்காலுக்கு மேல் வரும், அட்டை வேறு ஏறும். சாரிடம் சிரிஞ்சு பற்றாக்குறை என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் போனபோது, வரப்போரச் சட்டத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. "கடையில தராசுக்கு வெச்சாரு. நான் இதுக்கு வெச்சேன்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே பெட்டியை வைத்தேன். அன்றைக்கு மெஷின் காட்டிய மீத்தேன் எண் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அடுத்த வாரம் மூன்று மடங்கு. ஐப்பசி அடைமழையில் இன்னும் ஏறியது. எட்டு வயலில் மற்ற ஏழும் ஒன்று, இரண்டு என்று தவழ்ந்துகொண்டிருக்க, பொத்தேரி மட்டும் இருபதைத் தொட்டது.

சுந்தரராமன் சார் நாற்காலியில் உட்கார முடியாமல் நடந்தார். எட்டில் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருஷத்துக்கு எழுதி வாங்கி, தொடர்ந்து அளப்பதாகத் திட்டம். அந்த மூன்று வருஷமும் அதில் நெல்லைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது, விற்கவும் கூடாது. "அதிகமா வர்ற இடத்துலதான் வைக்கணும். பொத்தேரிதான். நீதான் இன்சார்ஜ்" என்றார்.

மறுநாளே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "எட்டு வயல்ல நம்ம வயல்தான் மேல. இப்படியே போச்சுன்னா இங்கதான் வைப்பாங்க. மூணு வருஷத்துக்கு யாரும் இதுல கை வைக்க முடியாது."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை துரைராஜிடம் பேசியிருக்கிறாள். அவரும் வியாபாரி அல்லவா, நியாயமாகவே பேசினார். என்னிடமே வந்து, "மேடம், பெட்டிக்காரங்க எடுத்துக்கினா மூணு வருசம் நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா அறுப்பு முடிஞ்சதும் இவ கையெழுத்துப் போட்டுடணும். பேச்சு பேச்சா இருக்கட்டும்" என்றார். அக்காவும் சரி என்றுவிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாயு எதற்கு, நல்லதா கெட்டதா என்று நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை. "உன் வயல் உலகத்தைச் சூடாக்குதுன்னு சொன்னா யாரும் உள்ளே விட மாட்டாங்க. மண் ஆராய்ச்சின்னு சொல்லு" என்று சார் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நானும் வாத்தியார் சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல பிள்ளை.

வரப்போரச் சட்டத்துக்குள் இருந்த பயிர் மட்டும் கரும்பச்சையாக, பெட்டியின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. வெளியே இருந்த பயிர் அதற்கு ஒரு சாண் கீழே. கண்ணிருப்பவர்களுக்கு அது போதும். நானோ நோட்டில் இங்கிலீஷில் மூன்று வரி விளக்கம் எழுதி வைத்தேன். நடு வயலில் எப்போதாவது எடுத்த எண்கள் மற்ற ஏழு வயலைப் போலவே ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி ஒன்பது என்று வந்தபோது, அவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "கசிவு" என்று எழுதினேன். பெட்டியில் ஓட்டை இருக்கும், காற்று தப்பியிருக்கும் என்று அர்த்தம்.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு போனால் வரப்போரச் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கலாம் என்று உள்ளே கையை விட்டேன். சேறு கையில் படவில்லை. கொழகொழவென்று என்னவோ கத்தையாக வந்தது. வெளியே இழுத்தேன். கறுத்துப்போன புங்கந்தழை. நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி கையை விட்டால் இன்னொரு கத்தை. அதற்கு அடியில் சாண உருண்டைகள்.

அக்கா சொம்பில் டீ எடுத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"தழ" என்றாள், ஒளிவு மறைவில்லாமல். "புங்கந்தழ. சாணியும் கீது."

"இதுக்குள்ள எப்படி வந்துது?"

"நான்தான் போட்டேன். வாரா வாரம் போடறேன். பின்ன நீ இன்னா நெனச்ச, குங்குமம் வெச்சதுக்கா நம்பர் ஏறிச்சு?" சொம்பை வரப்பில் வைத்தாள். "எங்கம்மா காலத்துல வெளச்சல் போட்டி வெப்பாங்க. ஆபீசர் வந்து வயல்ல ஒரு மூலையில கயிறு கட்டிட்டுப் போவாரு. கயித்துக்குள்ள வெளையறதுதான் கணக்கு. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம கயித்துக்குள்ள மட்டும் தனியா எரு போடுவாங்க. எங்கம்மா ஒரு வருசம் பித்தள அண்டா வாங்கிச்சு. மொத்த வயலுக்கும் எரு போட்டா வாங்கிச்சு?"

வரப்பில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் பொத்தேரிக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் கிடையாது. அக்கா கையெழுத்துப் போட வேண்டும். நான் இன்சார்ஜ் கிடையாது. என் தற்காலிக வேலை மார்ச்சோடு முடிகிறது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் எல்லாம் நன்றாக நடக்கும். தாள்களில் ஓர் எண் தப்பாக இருக்கும், அவ்வளவுதானே.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த தழையை மறுபடி உள்ளே வைத்து அமுக்கினேன். சட்டத்தை நேராக்கினேன். அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்துக் காற்று எடுத்தேன். அக்கா கொடுத்த டீயையும் குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா என்னை விடவில்லை. "அன்னிக்கு தழயப் பாத்ததும் உன் மூஞ்சி செத்துப்போச்சு. இன்னா விசயம்? பெட்டிக்கு எதுனா ஆயிருச்சா?"

"ஒண்ணுமில்லைக்கா."

"பேபி, எங்கிட்ட மறைக்காத. அந்தக் காத்து எதுக்கு? ஒடம்புக்கு ஆவாதா?"

அந்தக் கேள்விக்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சூடு, மழை, கடல், வெளிநாட்டுக்காரர்களின் கணக்கு எல்லாம். அதிகமாக வருவது பரிசு இல்லை, பழி என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது, ஆனால் என் மேல் இல்லை. "சோத்துக்கு நெல்லு போட்டா அது பாவமா? அவங்க ஊர்ல கார் ஓட்றாங்களே, அதுக்கு யாரும் பெட்டி வெக்கலியா?"

"வைக்கிறாங்கக்கா. காருக்கு, கரிக்கு, கரண்டுக்கு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு."

"நம்ம எண்ண வெச்சு இன்னா பண்ணுவாங்க?"

"இந்த மாதிரி ஏரித் தண்ணி பாயற வயல் எங்கெல்லாம் இருக்கோ, அத்தனைக்கும் இந்த எண்ணையே போட்டுப் பெருக்குவாங்க."

அவள் ஏரிக்கரைக்கு அப்பால் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப படப்பை, உத்தரமேரூரு, எல்லாப் பக்கமும் என் தழயத் தின்னா மாதிரி ஆயிடுமா?"

"ஆமாக்கா."

"உனக்கு இது அன்னிக்கே தெரியும். இருந்தும் தழய நீயே உள்ள வெச்ச."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை தில்லியிலிருந்து அதிகாரி வந்தார். ஜீப்பில் அவர், சுந்தரராமன் சார், நான். வயலோரத்தில் துரைராஜ் வெள்ளைச் சட்டையில் இளநீர் வெட்டித் தயாராக வைத்திருந்தார். சார் எண்களைக் காட்டி விளக்கினார். அதிகாரி தலையாட்டியபடி ஒப்பந்தத் தாள் இருந்த ஃபைலைத் திறந்தார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல், இப்போது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"ஏய், இன்னா பண்றே?" என்று துரைராஜ் கத்தினார்.

அவள் சட்டத்துக்குள் கையை விட்டாள். ஒரு கத்தை தழை எடுத்து வரப்பில் போட்டாள். இன்னொரு கத்தை. அப்புறம் சாணம். நாற்றத்தில் அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டார். அக்கா நிமிர்ந்து, சேறு வழியும் கையோடு, சாரைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், இத்த எல்லா வயலுக்கும் போட்டுப் பெருக்கப் போறீங்களாமே. பெருக்காதீங்க. இது வயலு வுட்ட காத்து இல்ல. நான் போட்டது. வயலு கையில நிக்கணும்னு போட்டேன். இன்னா காத்துன்னு எனக்கு அப்பத் தெரியாது. மத்தவங்க மேல பழி வரக்கூடாது."

சார் அதைத் தில்லிக்காரருக்கு இங்கிலீஷில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை, ஃபைலை மூடினார். பிறகு சார் என் பக்கம் திரும்பினார். "பேபி, உனக்கு இது தெரியுமா?"

"எட்டு நாளா தெரியும் சார்."

துரைராஜ் அக்காவைப் பார்த்தபடி நின்றார். தான் ஜெயித்துவிட்டது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் இறங்கிப்போய் அக்காவின் கையைப் பிடித்து வரப்பில் ஏற்றினார். வெள்ளைச் சட்டை சேறானதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஜீப்பில் திரும்பினோம். பெருங்களத்தூர் தாண்டியதும் சார் "நோட்டைக் கொடு" என்றார். பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், நடு வயல் எண்களில் நின்றார். ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி ஒன்பது. பக்கத்தில் என் சிவப்பு "கசிவு". பேனாவை எடுத்து அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக அடித்தார். "நிஜமான எண் முதல்லேர்ந்து உன் நோட்டுலயே இருந்திருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மண் ஆராய்ச்சின்னு சொல்லச் சொன்னது நான்தான்" என்றும் சொன்னார்.

அறுப்புவரை மீதி நாட்களில் நடு வயலில் மட்டும், வாரம் மூன்று முறை, அட்டைக் கடியோடு அளந்தேன். எண் மாறவே இல்லை. மூன்று வருஷ ஒப்பந்தம் படப்பைப் பக்கத்து வயல் ஒன்றுக்குப் போனது. இன்சார்ஜ் வேறு ஒருவர். என்னை மார்ச்சு வரை அறிக்கைக்கு அட்டவணை டைப் அடிக்க வைத்துவிட்டு அனுப்பினார்கள். ஜூனில் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சரானேன்.

அச்சான அறிக்கை ஒன்றரை வருஷம் கழித்து என் கைக்கு வந்தது. சார் ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு பொத்தேரிக்குப் போனேன்.

வயல் இருந்த இடத்தில் மூன்று மாடி. வராந்தாக் கம்பியில் ஜீன்ஸ் பேன்ட்டுகள் காய்ந்தன. முகப்பில் பெரிய எழுத்தில் "கங்கா மேன்ஷன்". அக்கா கீழே குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"வா பேபி! எளச்சிட்டியே. பாத்தியா, போர்டுல என் பேரு. சாவி மட்டும் அவரு இடுப்புல."

கோபமில்லாமல்தான் சொன்னாள். படிக்கட்டில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது; எண் தெரியும். ஒரு பக்கத்தில் பெரிய பெரிய எண்களாக இருந்ததைக் காட்டி, "இம்மாம் பெருசு யாருது?" என்றாள்.

"கரண்ட் எடுக்க எரிக்கிற கரியோடதுக்கா. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது."

அக்கா தலையைத் தூக்கி மேன்ஷனைப் பார்த்தாள். மூன்று மாடியிலும் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் வேறு தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது.

"இருபத்துநாலு ரூமு. அப்ப என் வயலு நெல்லுப் பக்கத்துலேர்ந்து இந்தக் கரிப் பக்கத்துக்கு வந்துடுச்சு."

அத்தனை அட்டவணை டைப் அடித்தும் இது என் புத்திக்கு எட்டவில்லை.

"நம்முது எங்க கீது?"

பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். செங்கல்பட்டு மாவட்டம், ஏரிப் பாசனம், ஒன்று புள்ளி எட்டு. பெருக்கிப் பார்த்ததில், வெளிநாட்டுக்காரர்கள் சொன்னதில் சின்னப் பங்குதான் வந்திருந்தது. அதையும் சொன்னேன்.

"இத்தினிக்கூண்டா?"

"சின்னதா இருந்தாத்தான் நல்லதுக்கா."

"இத்த வெச்சா எல்லா வயலுக்கும் பெருக்கினாங்க?"

"எட்டு வயலையும் சேர்த்துத்தான் பெருக்கினாங்க. அதுல இது உங்களோடது."

அக்கா ஈரக்கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்த எண்ணின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"இத்த யாரும் விக்க முடியாதில்ல?"

"முடியாதுக்கா."

"கையெழுத்தும் கேக்க மாட்டாங்க?"

"கேட்க மாட்டாங்க" என்றேன். அவள் விரலை எடுக்கவில்லை. நானும் புத்தகத்தை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.